இணையக் கடையை எப்போது இடம் மாற்றுவது?

மிளகாய்த்தூள் இடிக்கும் மாதர் சங்கங்களும், பனங்கட்டி, ஒடியல் மா, நல்லெண்ணெய், பாய், கடகம் என்று சிறு உற்பத்தியில் ஈடுபடும் குடும்பங்களும் கடந்த சில ஆண்டுகளில் இணையத்தின் மூலம் விற்கப் பழகியுள்ளன. வயலும் தோட்டமும் கைவிட்டுப்போன குடும்பங்களுக்கு இது சிறிய விடயமன்று. தறை இல்லாதவன் கமம் செய்ய முடியாது. ஆனால் ஓர் அடுப்பும், ஓர் உரலும், ஒரு கைத்தொலைபேசியும் உள்ள குடும்பம் கொழும்பிலோ கனடாவிலோ இருக்கும் உறவினருக்கும் அயலவருக்கும் பொருள் விற்கலாம். முகாமிலிருந்து உறவினர் வளவுக்கும், அங்கிருந்து மீள்குடியேற்றக் கிராமத்துக்கும் குடும்பம் மாறினாலும் அந்தக் கடை கூடவே வரும்.

இப்படித் தொடங்கிய சங்கங்களில் சில, இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்த நிலையில், ஒரே கேள்வியை எழுப்புகின்றன. "இப்போதுள்ள இடத்தில் தொடர்ந்து விற்பதா, அல்லது கடையை வேறு தளத்துக்கு மாற்றுவதா? மாற்றுவதானால் எப்போது?" இக்கேள்விக்குத் தெளிவான சிந்தனையின்றி விடை காண்பதால் பலர் நட்டப்படுகின்றனர். சிலர் மாறவேண்டாத நேரத்தில் மாறுகின்றனர். வேறு சிலர் மாறவேண்டிய நேரத்தில் இருந்துவிடுகின்றனர். இதுபற்றிச் சில கருத்துக்களை இங்கு முன்வைக்க விரும்புகிறோம்.

தளம் என்பது என்ன?

இணையக் கடை எதன்மேல் நிற்கிறதோ அதுவே தளம். எம்மவர் பாவிக்கும் தளங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, முகநூல் பக்கமும் வட்ஸ்அப் குழுவும். இது கோவில் திருவிழாவின்போது வீதியோரத்தில் பாய் விரித்து விற்பதைப் போன்றது. வாடகை இல்லை. சனமும் அங்கேயே நிற்கிறது. ஆனால் வீதி எமதன்று. இரண்டாவது, டராஸ் போன்ற சந்தைத் தளம். பொதுச் சந்தையில் ஒரு தட்டு எடுத்து விற்பதைப் போன்றது இது. சந்தைக்கு வரும் சனம் எம்மிடமும் வரும். விற்ற காசில் ஒரு பங்கைத் தரகாகக் கொடுக்கவேண்டும். மூன்றாவது, ஷொப்பிபை போன்ற நிறுவனத்திடம் மாத வாடகைக்கு எடுக்கும் கடை. பெயர்ப்பலகை எமது, கட்டடம் அவர்களுடையது. நான்காவது, வூகொமர்ஸ் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு எமது பெயரிலேயே அமைக்கும் கடை. இது சொந்தக் காணியில் வீடு கட்டுவதைப் போன்றது. வாடகை குறைவு. ஆனால் கூரை ஒழுகினால் நாமேதான் ஏறி அடைக்கவேண்டும்.

இந்த நான்கில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பது பயனற்றது. வீதியோரத்தில் பாய் விரிப்பவர் கல்வீடு கட்டத் தேவையில்லை. நாளுக்கு நூறு பேர் வரும் கடையைப் பாயில் நடத்தவும் முடியாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொன்று பொருந்தும். ஆகவே எங்கு போவது என்பதை விட எப்போது போவது என்பதே முதற் கேள்வியாகும்.

திருக்குறளில் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன அவை. ஆராய்வது, எமது வலிமையை அறிவது, காலத்தை அறிவது ஆகிய மூன்றும் முடிந்த பின்னரே இடத்தை அறிவது நான்காவதாக வருகிறது. எம்மவரில் பலரோ இடத்திலிருந்தே தொடங்குகின்றனர். "அந்தச் சங்கம் அந்தத் தளத்துக்குப் போய்விட்டது, நாங்களும் போகவேண்டும்" என்பதே அவர்களது முதல் வார்த்தையாக இருக்கிறது.

விரட்டப்படுவதும் குடிபோவதும்

இடப்பெயர்வைப் பற்றி எமக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து போனவர்களும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டுச் சாவகச்சேரி நோக்கி மழையில் நடந்தவர்களும், 2009 வரை வன்னியில் ஊர் ஊராக ஓடியவர்களும் இப்பத்திரிகையின் வாசகர்களாக உள்ளனர். காணி உறுதியை எடுத்தவர்கள் பின்னர் தமது உரிமையைக் காட்டினார்கள். எடுக்காதவர்கள் கந்தோர் கந்தோராக அலைந்தார்கள். விதைநெல்லை விட்டுவந்தவர்கள் அடுத்த போகத்துக்குக் கடன்பட்டார்கள்.

இணையக் கடைக்கும் இது பொருந்தும். ஒரு தளத்திலிருந்து நாமே நாள் பார்த்துக் குடிபோவது ஒன்று. தளத்தின் சொந்தக்காரர் கதவை மூடுவதால் இரவோடிரவாக ஓடுவது வேறு. இரண்டாவது நிலை எம்மைப் போன்ற சிறியவர்களுக்கு மட்டும் வருவதன்று. உலகின் பெரிய வியாபாரிகளும் அதைக் கண்டிருக்கிறார்கள்.

மெஜென்டோ என்ற கடை மென்பொருளின் கதை இதற்கு நல்ல உதாரணமாகும். 2008 இல் வெளிவந்த இந்த மென்பொருளைக் கொண்டு பல நாடுகளில் ஏராளமான கடைகள் அமைக்கப்பட்டன. 2015 இன் இறுதியில் அதன் இரண்டாவது பதிப்பு வெளிவந்தது. அது பழைய வீட்டுக்குப் பூசிய புதிய வெள்ளையன்று, அத்திவாரத்திலிருந்தே புதிதாகக் கட்டிய வீடு. பழைய கடையின் தோற்றத்தையும் அதனுடன் பொருத்திய துணைக் கருவிகளையும் அப்படியே புதியதற்குக் கொண்டுபோக முடியவில்லை. ஆகவே பலர் செலவுக்குப் பயந்து பழையதிலேயே இருந்தனர். 2018 இல் அடோபி நிறுவனம் மெஜென்டோவை வாங்கியது. முதற் பதிப்புக்கான பராமரிப்பு 2020 ஜூன் 30 உடன் நிறுத்தப்பட்டது. இந்த முடிவுநாள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் பெருந்தொகையான கடைகள் அந்த நாளுக்குப் பின்னரும் பழைய பதிப்பிலேயே இயங்கின. 2020 செப்டெம்பரில் ஒரு வார இறுதிக்குள் அப்படிப்பட்ட சுமார் 2,000 கடைகளுக்குள் கள்வர் புகுந்து, வாடிக்கையாளரின் கடனட்டை விபரங்களைத் திருடும் நிரலை வைத்துவிட்டனர்.

இக்கதையில் இரண்டு பாடங்கள் உள்ளன. புதிய பதிப்பு வந்த மறுநாளே ஓடியவர்கள் வீண்செலவு செய்தார்கள். புதியது பழகித் தேற ஆண்டுகள் சென்றன. கடைசி நாள் கடந்தும் இருந்தவர்கள் வாடிக்கையாளரின் நம்பிக்கையை இழக்கும் ஆபத்தில் நின்றார்கள். முடிவுநாளை அறிந்து, அதற்கு ஓராண்டு முன்பிருந்தே ஆயத்தம் செய்தவர்களே சேதமின்றிக் கரைசேர்ந்தார்கள்.

எமது நாட்டிலும் இதற்கு உதாரணங்கள் உண்டு. 2016 இல் கேமு என்ற சந்தைத் தளம் டராஸுடன் இணைக்கப்பட்டது. 2018 இல் டராஸையே சீனாவின் அலிபாபா நிறுவனம் வாங்கியது. இந்த முடிவுகள் எதையும் அங்கு தட்டு வைத்திருந்த விற்பனையாளர்கள் எடுக்கவில்லை. முகநூலில் விற்றவர்களுக்கும் அனுபவம் உண்டு. 2018 மார்ச்சில் திகனைக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னரும் அரசாங்கம் சமூக வலைத்தளங்களை நாட்கணக்கில் தடைசெய்தது. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் அவை சில மணிநேரம் முடக்கப்பட்டன. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி முகநூலும் வட்ஸ்அப்பும் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் செயலிழந்தன. வேறு வழியால் வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியாத சங்கம் அந்நாட்களில் கடையைப் பூட்டிய மாதிரித்தான்.

மாறக்கூடாத காரணங்கள்

முதலில், எந்தக் காரணங்களுக்காக மாறக்கூடாது என்று பார்ப்போம்.

விற்பனை குறைந்துவிட்டது என்பதற்காக உடனே தளத்தை மாற்றக்கூடாது. பயிர் வாடினால் வயலையா விற்கிறோம்? தண்ணீரா, பூச்சியா, பசளையா என்று பார்க்கிறோம். தூளின் தரம் குறைந்ததா, பொதி பிந்திப் போகிறதா, விலை கூடியதா, படங்கள் மங்கலாக உள்ளனவா, கேட்பவருக்குப் பதில் போகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். இவற்றில் குறை இருந்தால் அந்தக் குறை புதிய தளத்துக்கும் எம்முடனேயே வரும்.

புதிய தளம் அழகாக இருக்கிறது என்பதும் போதிய காரணமன்று. வாடிக்கையாளர் வாங்குவது தூளையே. அவர் பொருளைக் கண்டு, விலையை அறிந்து, சிரமமின்றிக் காசு கட்டி, சொன்ன நாளில் பொதியைப் பெற்றால் அவருக்குக் கடை அழகானதுதான்.

கடை அமைத்துத் தரும் தொழில் செய்பவர் "இது பழசு, மாற்றவேண்டும்" என்று சொன்னார் என்பதும் காரணமன்று. அவர் பொய் சொல்கிறார் என்று நாம் கூறவில்லை. ஆனால் மாற்றுவதால் அவருக்கு வேலை கிடைக்கிறது. கிணறு வெட்டுபவரிடம் கிணறு தேவையா என்று கேட்டால் என்ன பதில் வரும்? அவரிடம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. "மாற்றாவிட்டால் எந்த நாளில், எது நின்றுபோகும்?" என்று கேளுங்கள். அதற்கு அவர் திகதியும் விபரமும் சொன்னால் செவிகொடுங்கள். சொல்ல முடியாவிட்டால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மாறவேண்டிய அறிகுறிகள்

அப்படியானால் எந்த அறிகுறிகளைக் கண்டு மாறவேண்டும்? நான்கைக் குறிப்பிடலாம்.

ஒன்று, தளத்தின் சொந்தக்காரர் அதை மூடப்போவதாகவோ பராமரிப்பை நிறுத்தப்போவதாகவோ அறிவித்தல். இங்கு விவாதத்துக்கு இடமில்லை. நாளைக் குறித்துக்கொண்டு ஆயத்தம் செய்யவேண்டியதுதான்.

இரண்டு, செலவு எமது கையை மீறுதல். குறிப்பாக டொலரில் வாடகை கட்டும் கடைகளுக்கு இது கசப்பான அனுபவமாகும். 2022 இன் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் அது சுமார் 360 ரூபாவாயிற்று. ஷொப்பிபையின் ஆரம்ப நிலைக் கடைக்கு அப்போது மாத வாடகை 29 டொலர். தளம் வாடகையைக் கூட்டாமலே 5,800 ரூபா 10,400 ரூபாவுக்கு மேல் சென்றது. 2023 இல் அந்த வாடகையே 39 டொலராக உயர்த்தப்பட்டது. அத்துடன், அந்த நிறுவனத்தின் சொந்தப் பணம்பெறும் சேவை இலங்கையில் இல்லாததால், வேறு சேவையினூடாகக் காசு பெறும்போது ஆரம்ப நிலைக் கடைகள் விற்பனையில் நூற்றுக்கு 2 வீதமும் கட்டவேண்டும். ரூபாவில் வருமானம் பெறும் சங்கம் டொலரில் வாடகை கட்டுவது, மழையை நம்பி விதைத்தவன் ஆற்றுநீருக்கு வரி கட்டுவதைப் போன்றது.

மூன்று, கடையின் வேலையைக் கைவேலையாகச் செய்யவேண்டியிருத்தல். வட்ஸ்அப்பில் நாளுக்கு ஐந்து கட்டளைகள் வந்தால் கொப்பியில் எழுதிச் சமாளிக்கலாம். நாற்பது வந்தால் ஒருவருக்கு இரண்டு பொதி போகும், மற்றவருக்கு ஒன்றும் போகாது. ஒரு மாதத்தில் எத்தனை பொதிகள் பிழையாகப் போயின, அவற்றைத் திருத்த எவ்வளவு செலவாயிற்று என்று எழுதிவையுங்கள். அந்தத் தொகை புதிய தளத்தின் செலவை எட்டும்போது மாறும் காலம் வந்துவிட்டது.

நான்கு, எமது வாடிக்கையாளரின் விபரங்களைத் தளம் எமக்குத் தராமலிருத்தல். யார் வாங்கினார், எங்கிருந்து வாங்கினார், மீண்டும் வாங்கினாரா என்பது எமக்குத் தெரியாவிட்டால் நாம் வியாபாரிகளல்லர், தளத்தின் கூலியாட்கள். இந்நிலை உடனடி ஆபத்தன்று. ஆயினும் நீண்டகாலம் இருக்கத்தக்க நிலையுமன்று.

உட்கார்ந்து கணக்குப் பார்த்தல்

கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று ஆண்டவர் கூறிய உவமை லூக்கா நற்செய்தியின் 14 ஆம் அதிகாரத்தில் உள்ளது. எமது சங்கங்களும் அப்படி உட்காரவேண்டும். உதாரணத்துக்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். இதிலுள்ள தொகைகள் விளக்கத்துக்கானவை. உங்கள் தொகைகளை அவ்விடங்களில் இட்டுப் பாருங்கள்.

ஒரு சங்கம் சந்தைத் தளமொன்றில் மாதம் 100,000 ரூபாவுக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தரகு நூற்றுக்கு 10 வீதம். ஆண்டுக்கு 120,000 ரூபா தரகாகப் போகிறது. சொந்தக் கடை அமைத்தால் முகவரிக்கும் இட வாடகைக்குமாக ஆண்டுக்கு 30,000 ரூபா. அட்டைமூலம் காசு பெறும் சேவைக்கு நூற்றுக்கு 3 வீதப்படி 36,000 ரூபா. ஆக, மிச்சம் ஆண்டுக்கு 54,000 ரூபா. கடையை அமைக்க முதற்செலவு 120,000 ரூபா. மாறிய முதல் மூன்று மாதங்களில் விற்பனையில் ஐந்திலொன்று குறைந்தால் 60,000 ரூபா விற்பனை போகும். இலாபம் கால்பங்கு என்றால் நட்டம் 15,000 ரூபா. மொத்தம் 135,000 ரூபாவை மீட்க இரண்டரை ஆண்டுகள் செல்லும்.

அதே சங்கம் மாதம் 40,000 ரூபாவுக்கு மட்டும் விற்றால்? தரகு ஆண்டுக்கு 48,000 ரூபா. புதிய கடையின் செலவு 30,000 உடன் 14,400 ரூபா சேர்ந்து 44,400 ரூபா. மிச்சம் 3,600 ரூபாதான். முதற்செலவை மீட்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் செல்லும். அச்சங்கம் இருக்கும் இடத்திலேயே இருக்கவேண்டும். மாதம் 200,000 ரூபாவுக்கு விற்கும் சங்கத்துக்கோ ஆண்டு மிச்சம் 138,000 ரூபா. ஓராண்டளவில் முதற்செலவு கைக்கு வந்துவிடும். அது மேலும் தாமதிப்பது நட்டம்.

இந்தக் கணக்கில் வழக்கமாக விடுபடும் ஒன்று உண்டு. அது எமது பெண்களின் நேரம். அறுபது பொருட்களுக்குப் படமெடுத்து, நிறையும் விலையும் சேர்த்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஏற்ற, ஒன்றுக்கு அரைமணி நேரமென்றாலும் முப்பது மணி நேரமாகும். அடுப்பையும் பிள்ளைகளையும் பார்த்தபடி அதைச் செய்பவருக்குச் சம்பளம் எழுதப்படுவதில்லை. எழுதவேண்டும். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் இலவசமாக நடப்பதில்லை.

இன்னொன்றையும் மறக்கவேண்டாம். சந்தைத் தளத்தில் வாங்கியவர்கள் எல்லோரும் எம்மைத் தேடி வரமாட்டார்கள். அங்கு பெற்ற நட்சத்திரங்களும் பாராட்டுரைகளும் எம்முடன் வரா. ஆகையால் இரண்டு இடத்திலும் சிலகாலம் கடை வைப்பது புத்தியாகும்.

நாள் பார்த்தல்

மாறுவதென்று முடிவானபின் எந்த மாதத்தில் மாறுவது? நாற்றைப் பிடுங்கி நட ஒரு காலம் உண்டு. கதிர் வரும்போது எவரும் பிடுங்கி நடுவதில்லை. தீபாவளிக்கும், நத்தாருக்கும், தைப்பொங்கலுக்கும், சித்திரை வருடப்பிறப்புக்கும் முன்னுள்ள வாரங்களே எமது கடைகளுக்குக் கதிர்க் காலம். அந்த வாரங்களில் தளத்தைத் தொடவே கூடாது.

ஆனால் விற்பனை நாட்காட்டியை மட்டும் பார்த்தாற் போதாது. வேலை நாட்காட்டி ஒன்றும் உண்டு. பொங்கல் கழிந்தபின் விற்பனை ஓய்ந்திருக்கும் என்று தை, மாசியைக் குறித்தால், அதுவே பெரும்போக அறுவடைக் காலமாக இருக்கும். கடையைப் பார்க்கும் பெண்கள் வயலில் நிற்பார்கள். சிறுபோகம் செய்யும் கிராமங்களுக்குச் சித்திரையும் வைகாசியும் விதைப்புக் காலம். ஆகவே ஒவ்வொரு சங்கமும் பன்னிரண்டு மாதங்களையும் ஒரு தாளில் எழுதி, விற்பனை கூடிய மாதங்களை ஒரு நிறத்திலும், வயல்வேலை கூடிய மாதங்களை இன்னொரு நிறத்திலும் குறிக்கட்டும். இரண்டு நிறமும் படாத மாதமே உங்கள் மாதம்.

மாறும்போது கவனிக்கவேண்டியவை பின்வருமாறு. பழைய கடையைப் பூட்டாமல் புதியதைத் திறக்கவேண்டும். வெளியார் அறியமுன் சங்கத்தவர் ஐந்தாறு பேர் புதிய கடையில் உண்மையாகவே வாங்கி, காசு கட்டி, பொதியைப் பெற்றுப் பார்க்கவேண்டும். பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்குத் தானாகவே கொண்டுசெல்லும் ஒழுங்கு இருக்கவேண்டும். அந்த ஒழுங்கைக் குறைந்தது ஓராண்டுக்கு வைத்திருக்குமாறு கூகுள் நிறுவனம் அறிவுறுத்துகிறது. வாடிக்கையாளரின் கடவுச்சொற்கள் பெரும்பாலும் புதிய தளத்துக்கு வரா என்பதால் அவர்களுக்கு முன்கூட்டியே எழுதி அறிவிக்கவேண்டும். அவர்களின் பெயர், முகவரிப் பட்டியலைக் கண்டவர் கையில் கொடுக்கக்கூடாது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் எமது நாட்டில் 2022 இல் நிறைவேற்றப்பட்டுள்ளது. சட்டம் இல்லாவிட்டாலும், எம்மை நம்பித் தந்ததைக் காப்பது எமது கடமையாகும்.

உறுதி யாருடைய பெயரில்?

இனி, இக்கட்டுரையின் முக்கிய கருத்துக்கு வருகிறோம். போருக்குப் பின்னர் எமது பகுதிகளுக்கு வந்த திட்டங்கள் பல உற்பத்தியாளருக்கு இணையத்தளங்களை அமைத்துக் கொடுத்தன. திறப்புவிழா நடந்தது, படம் எடுத்தார்கள், அறிக்கை போயிற்று. இரண்டு மூன்று ஆண்டுகளில் திட்டம் முடிந்தது. அடுத்த ஆண்டுக்கான முகவரிக் கட்டணத்தைக் கட்ட எவரும் இல்லை. முகவரி திட்ட அலுவலர் ஒருவரின் பெயரிலோ கொழும்பிலுள்ள நிறுவனமொன்றின் பெயரிலோ இருந்தது. கடவுச்சொல் யாரிடம் என்று சங்கத்தலைவிக்குத் தெரியாது. ஒருநாள் காலையில் கடை காணாமற் போயிற்று. அதனுடன் வாடிக்கையாளர் பட்டியலும், படங்களும், கணக்கும் போயின. கிராமங்களில் இக்கதையைக் கேட்பது அரிதன்று.

காணியை இழந்தவர்களுக்கு உதவ வந்தவர்கள், அவர்களை மீண்டும் பிறர் காணியில் குடியிருத்தினார்கள் என்றே இதைக் கூறவேண்டும். நல்லெண்ணத்தில் குறை இல்லை. உறுதி யாருடைய பெயரில் என்ற கேள்வியைத்தான் எவரும் கேட்கவில்லை. எமது திருச்சபை நிறுவனங்களும் இதற்கு விதிவிலக்கென்று சொல்லிவிட முடியாது.

இனி வரும் எந்தத் திட்டத்திடமும் சங்கங்கள் நான்கு காரியங்களைக் கேட்டுப் பெறவேண்டும். கடையின் இணைய முகவரி சங்கத்தின் பெயரில் பதியப்படவேண்டும். 2010 முதல் தமிழிலேயே .இலங்கை என்று முடியும் முகவரியைப் பெறும் வசதியும் உண்டு. கடவுச்சொற்கள் சங்கத்தின் இரு உத்தியோகத்தர்களிடமாவது இருக்கவேண்டும், ஒருவர் வெளிநாடு போனாலும் மற்றவர் இருப்பார். வாடிக்கையாளர், பொருட்கள், விற்பனை ஆகிய மூன்றின் பிரதியும் மாதம் ஒருமுறை எடுக்கப்பட்டுச் சங்கத்தின் பெட்டியில் வைக்கப்படவேண்டும். திட்டம் முடியும் நாளில் குறைந்தது ஓராண்டுச் செலவு சங்கத்தின் வங்கிக் கணக்கில் இருக்கவேண்டும். இவற்றைத் தர மறுக்கும் திட்டத்திடம் கடை வாங்குவதிலும், வட்ஸ்அப்பிலேயே விற்பது மேல்.

"நாங்கள் படிக்காதவர்கள், எங்களுக்கு இது விளங்காது" என்று சிலர் கூறக்கூடும். ஏற்றுக்கொள்ள முடியாது. மண்ணெண்ணெய் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டியவர்கள், வங்கிக் கடனுக்குப் பத்திரம் நிரப்பியவர்கள், பதினைந்து முறை இடம்பெயர்ந்தும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழைத் தொலைக்காதவர்கள் நீங்கள். முகவரி, கடவுச்சொல், பட்டியல் என்ற மூன்றையும் காப்பது அதைவிடக் கடினமன்று.

தண்டுகள் வளையத்தில் இருக்கட்டும்

வனாந்தரத்தில் நடந்த இஸ்ரவேல் மக்கள் செய்த உடன்படிக்கைப் பெட்டியைப் பற்றி யாத்திராகமம் 25 ஆம் அதிகாரம் கூறுகிறது. பெட்டியின் பக்கங்களில் பொன் வளையங்கள். அவற்றினூடாகச் சுமக்கும் தண்டுகள். அந்தத் தண்டுகளை வளையங்களிலிருந்து ஒருபோதும் கழற்றக்கூடாது என்பது கட்டளை. மக்கள் ஓரிடத்தில் எத்தனை காலம் தங்கினாலும் பெட்டி எந்நேரமும் தூக்குவதற்கு ஆயத்தமாகவே இருந்தது. அதற்காக அவர்கள் நாளுக்கு நாள் அதைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை.

இணையக் கடை நடத்துவோருக்கும் இதுவே எமது ஆலோசனை. அவசரப்பட்டு மாறவேண்டாம். கணக்குக் கூடிவராதவரை இருக்கும் இடத்திலேயே இருங்கள். அதே வேளையில் முகவரியும், பட்டியலும், கடவுச்சொல்லும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். அவை கையில் இருந்தால் எந்தத் தளம் மூடினாலும் அது உங்களுக்கு இடம்மாற்றம் மட்டுமே. அவை இல்லாவிட்டால் அது மீண்டும் ஓர் இடப்பெயர்வாகிவிடும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் நிகழ்ச்சிநிரலில் ஒரு விடயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "எமது கடையின் முகவரி யாருடைய பெயரில் உள்ளது?" என்று செயலாளரிடம் கேளுங்கள். விடை உடனே வராவிட்டால், தளத்தை மாற்றுவதைப் பற்றிப் பேசமுன் அந்த விடையைத் தேடுவதே முதல் வேலையாகட்டும்.